பக்கத்துப் படகு

எழுந்து நின்று இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டுங்கள். இடது கை ஒரு சுவரைத் தொடுகிறது, வலது கை எதிர்ச் சுவரைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டின் அகலம் அவ்வளவுதான். நீளம் மட்டும் கொஞ்சம் தாராளம். எழுபது அடி வரை போகலாம். இதற்குள் படுக்கை, கரி அடுப்பு, புத்தக அலமாரி, ஒரு கணவன், ஒரு மனைவி, பெரும்பாலும் ஒரு நாய். இங்கிலாந்தின் கால்வாய்களில் ஆயிரக்கணக்கானவர்கள் இப்படித்தான் குடித்தனம் நடத்துகிறார்கள்.

இந்தப் படகுக்கு நேரோபோட் என்று பெயர். 'ஒல்லிப் படகு' என்றால் இன்னும் பொருத்தமாக இருக்கும். வெளி அகலமே ஆறடி பத்து அங்குலம்தான். காரணம், ஜேம்ஸ் பிரிண்ட்லி என்கிற 18-ம் நூற்றாண்டு இன்ஜினீயர். கால்வாய் மேட்டில் ஏறி இறங்க 'லாக்' என்ற தண்ணீர்த் தொட்டிகள் வேண்டும். அவற்றை ஏழடி அகலத்துக்கு மேல் கட்டினால் செலவும் தண்ணீரும் கட்டுப்படியாகாது என்று கணக்குப் போட்டார். அவர் அன்றைக்கு மிச்சம் பிடித்ததால், இன்றைக்கும் அந்தப் படகுகளில் புருஷன் காபி போட்டுக்கொண்டிருந்தால் பெண்டாட்டி ஒருக்களித்துத்தான் அவரைத் தாண்டிப் போக வேண்டும்.

சில வருடங்களுக்கு முன்பு லண்டன் போயிருந்தபோது, காம்டன் பகுதியில் ஒரு லாக் ஓரமாக வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றேன். படகை ஓட்டி வந்த நடுத்தர வயசு அம்மாள் என்னைப் பார்த்தார். 'சும்மாதானே நிக்கறே, அந்தக் கட்டையைத் தள்ளேன்' என்கிற தோரணையில் கையைக் காட்டினார். கதவோடு சேர்ந்த பெரிய உத்தரம் அது. முதுகைக் கொடுத்துத் தள்ள வேண்டும். உள்ளேயும் வெளியேயும் தண்ணீர் மட்டம் சமமாகும்வரை பத்து யானை வந்தாலும் அசையாது. சமமானதும் குழந்தை தள்ளினால்கூடத் திறக்கும். இந்த ரகசியம் தெரியாமல் ஐந்து நிமிஷம் மல்லுக்கட்டினேன். அவர் சிரிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு கொஞ்ச தூரத்தில் படகைக் கட்டிவிட்டு டீ கொடுத்தார். பேசிய அரை மணி நேரத்தில் அக்கம்பக்கத்துக் கதை நிறைய வந்தது. யாருக்கு முதுகுவலி, யாருடைய பேட்டரி செத்துப்போச்சு, யார் டாய்லெட் தொட்டியைக் கொட்டப் போன வழியில் கொட்டிவிட்டார். ஆச்சரியம் என்னவென்றால் ஒரு மனிதரின் பெயரையும் அவர் சொல்லவில்லை. எல்லாம் படகின் பெயர்கள்.

அன்றிலிருந்து படகு வாழ்க்கையைப் பற்றி எந்தப் புத்தகம் கிடைத்தாலும் ஒரே ஒரு விஷயத்தைத்தான் முதலில் தேடுகிறேன். இதில் பக்கத்துப் படகு இருக்கிறதா? இலக்கிய விமர்சனத்துக்கு இது ஒரு அளவுகோலா என்று நீங்கள் கேட்கலாம். இந்த விஷயத்தில் இதைவிட நல்ல அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை.

இந்த வகைப் புத்தகங்களுக்கெல்லாம் மூலவர், எல்.டி.சி. ரோல்ட் எழுதிய 'நேரோ போட்'. 1944 டிசம்பரில் வந்தது. ரோல்ட் படித்தது இன்ஜினீயரிங். 1939 ஜூலையில் ஏஞ்சலா என்ற பெண்ணை அவளுடைய அப்பாவின் விருப்பத்துக்கு விரோதமாகக் கல்யாணம் செய்துகொண்டு, அதே மாதம் பான்பரி என்ற ஊரிலிருந்து 'கிரெஸ்ஸி' என்ற பழைய மரப்படகில் கிளம்பிவிட்டார். தேனிலவும் அதுதான், குடித்தனமும் அதுதான். சுமார் நானூறு மைல். நடுவில் செப்டம்பரில் உலக யுத்தம் ஆரம்பமாகிறது.

புத்தகத்தைப் பல பதிப்பாளர்கள் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில் கிராமிய வாழ்க்கை பற்றி எழுதிப் பெயர் பெற்ற மாசிங்ஹாம் கை கொடுத்து, முன்னுரையும் எழுதினார். வந்ததும் வாசகர் கடிதங்கள் குவிந்தன. ஐந்து வருஷமாகக் குண்டுச் சத்தத்தையும் ரேஷன் க்யூவையும் பார்த்த ஜனங்களுக்கு, மணிக்கு மூன்று மைல் வேகத்தில் வில்லோ மரங்களுக்கு நடுவே போகும் ஒரு படகு எப்படி இருந்திருக்கும்! பெட்ரோல் கிடைக்காத காலத்தில் உட்கார்ந்த இடத்திலேயே ஒரு பயணம்.

நன்றாகத்தான் எழுதியிருக்கிறார், அதைச் சொல்லிவிட வேண்டும். படகுத் துறையில் மரப்பலகையை வளைப்பது, கேபின் கதவில் ரோஜாவும் கோட்டையும் வரைவது, தண்ணீர்க் குடத்துக்குச் சாயம் பூசுவது, இதெல்லாம் அவர் கையில் உயிரோடு இருக்கிறது. வேலையை வேலையாகப் பார்க்கத் தெரிந்தவர். செங்கல் பாலத்தின் ஓரத்தில் நூறு வருஷமாகக் குதிரைக் கயிறு உரசி உரசி விழுந்த பள்ளங்களை இன்றைக்கும் அந்தக் கால்வாய்களில் பார்க்கலாம். அம்மாதிரிச் சங்கதிகளுக்கு ஏற்ற கண் அவருக்கு.

ஆனால் படகுக்காரக் குடும்பங்கள் வரும்போது அந்தக் கண் கொஞ்சம் ஈரமாகிவிடுகிறது. அவர்கள் கண்ணியமானவர்கள், பழமை மாறாதவர்கள், அழிந்துகொண்டிருக்கும் ஒரு நல்ல இங்கிலாந்தின் மிச்சம். சரி. அந்தக் கண்ணியமானவர்கள் எப்படி அங்கே வந்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஆரம்பத்தில் படகுக்காரனுக்குக் கரையில் வீடு இருந்தது. 19-ம் நூற்றாண்டில் ரயில் வந்தது, சரக்குக் கூலி விழுந்தது. வீட்டு வாடகையும் கொடுத்து, கூட ஒரு ஆளுக்குச் சம்பளமும் கொடுக்க வழியில்லை. மனைவியையும் குழந்தைகளையும் படகில் ஏற்றினான். வாடகையும் மிச்சம், கூலி ஆளும் மிச்சம். சரக்குக்குப் பின்னால், சுமார் பத்தடி நீளக் கேபினில் அப்பா, அம்மா, குழந்தைகள், அடுப்பு. 1875-ல் ஜார்ஜ் ஸ்மித் என்பவர் இதைப்பற்றி ஆவேசமாக ஒரு புத்தகம் எழுதி, 1877-லும் 1884-லும் சட்டம் கொண்டுவர வைத்தார். ஒரு கேபினில் இத்தனை பேர்தான் தூங்கலாம் என்று கணக்கு வைக்கிற சட்டம்.

அந்த பளபளப்பான பித்தளைக் குமிழ்களும், லேஸ் திரையும், விளிம்பில் துளை போட்ட பீங்கான் தட்டுகளும் பழமையின் அழகு மட்டுமில்லை. 'எங்களை அழுக்கு ஜனம் என்று சொல்கிறாயே, உள்ளே வந்து பார்' என்று கரைக்காரர்களுக்குச் சொன்ன பதிலும்கூட. ரோல்ட் அழகைப் பார்த்தார். பதிலைச் சரியாகக் கேட்கவில்லை என்பது என் அபிப்பிராயம்.

இன்னொன்று. கிரெஸ்ஸியில் ரோல்ட் ஒரு பாத்டப் வைத்திருந்தார். நவீன உலகத்தைத் திட்டிக்கொண்டே வெந்நீரில் படுத்திருப்பது தப்பு என்று சொல்லவில்லை. நான்கூட அதைத்தான் செய்வேன். ஆனால் எதிரே வரும் சரக்குப் படகில் ஆறு பேருக்கு ஒரு கைப்பிடி வைத்த தகரக் கிண்ணம்தான் குளியலறை, முகம் கழுவ, பாத்திரம் கழுவ எல்லாவற்றுக்கும். இரண்டு படகுகளும் ஒரே கால்வாயில் போகின்றன. ஆனால் பக்கத்துப் படகுகள் இல்லை.

புத்தகம் என்ன செய்தது தெரியுமா? ராபர்ட் ஐக்மன் என்ற வாசகர் 1945-ல் ரோல்ட்டுக்குக் கடிதம் எழுதினார். டார்ட்பிக் என்ற இடத்தில் கட்டியிருந்த கிரெஸ்ஸிக்கே தேடி வந்தார். (இந்த ஐக்மன் பிற்காலத்தில் பேய்க்கதைகள் எழுதிப் பிரசித்தி பெற்றார்.) 1946-ல் கால்வாய்களைக் காப்பாற்ற ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். இன்லண்ட் வாட்டர்வேஸ் அசோசியேஷன். தூர்ந்துபோய், சாக்கடையாகி, மூடப்படவிருந்த எத்தனையோ மைல் கால்வாய் இன்று ஓடுகிறதென்றால் அதற்கு வேர் இந்த ஒரு புத்தகம். ஒரு புத்தகத்தால் ஒன்றும் ஆகாது என்று அலுத்துக்கொள்ளும் எழுத்தாள நண்பர்கள் கவனிக்க.

ஐந்தே வருஷத்தில் இருவருக்கும் சண்டை. ஐக்மனுக்கு எல்லாக் கால்வாயும் வேண்டும், உல்லாசப் படகுக்கும் சேர்த்து. ரோல்ட், முதலில் சரக்குப் படகு ஓடுகிற கால்வாய்களைக் கவனிப்போம், படகுக்காரனின் பிழைப்பு முக்கியம் என்றார். 1951-ல் ரோல்ட்டும் சில சகாக்களும் தாங்கள் வளர்த்த சங்கத்திலிருந்தே வெளியேற்றப்பட்டார்கள். நான் மேலே சொன்ன குறைகளோடு இதையும் சேர்த்து வைத்துத்தான் அவரை எடைபோட வேண்டும். எழுதும்போது தவறவிட்டதை வாழும்போது பிடித்துக்கொண்டார். அதே 1951-ல் கிரெஸ்ஸியின் மரம் இற்றுப்போய்விட்டது. கல்யாணமும்தான். ஏஞ்சலா ஒரு சர்க்கஸ் கம்பெனியில் சேர்ந்து போய்விட்டார். நான் கதை விடவில்லை, பில்லி ஸ்மார்ட் சர்க்கஸ்.

சரக்குப் படகுகளின் கதையும் ரொம்ப நாள் நீடிக்கவில்லை. 1948-ல் கால்வாய்கள் அரசுடைமையாயின. 1962-63 குளிர்காலத்தில் தண்ணீர் வாரக்கணக்கில் உறைந்து, படகுகள் இருந்த இடத்திலேயே ஒட்டிக்கொண்டன. சரக்கெல்லாம் லாரிக்குப் போனது, திரும்பி வரவில்லை. கால்வாய் பிழைத்துக்கொண்டது. அதில் பிழைத்தவர்கள் பிழைக்கவில்லை.

அடுத்த புத்தகம், எம்மா ஸ்மித்தின் 'மெய்டன்ஸ் ட்ரிப்', 1948. இதைப்பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் சொல்வதைவிடப் படிப்பது சுகம். யுத்தத்தில் ஆண்கள் போய்விட, சரக்குப் படகு ஓட்டப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். மூன்று பெண்கள், ஜோடியாகக் கட்டிய இரண்டு படகுகள், சுமார் ஐம்பது டன் சரக்கு. லண்டனிலிருந்து பர்மிங்ஹாமுக்கு இரும்பு, திரும்பும்போது கவன்ட்ரி பக்கம் நிலக்கரி. இவர்களுக்குக் கொடுத்த பேட்ஜில் இன்லண்ட் வாட்டர்வேஸ் என்பதன் முதல் எழுத்துகள் இருந்தன. அதை 'ஐடில் விமன்', அதாவது சோம்பேறிப் பொம்பளைங்க என்று யாரோ விரித்துவிட்டார்கள். முதுகு ஒடிய நிலக்கரி ஏற்றியவர்களுக்கு அந்தப் பெயர் நிலைத்தது.

எம்மா 1943-ல் போய்ச் சேர்ந்தபோது இருபது வயசுகூட நிரம்பியோ நிரம்பாமலோ இருந்த நல்ல குடும்பத்துப் பெண். பல பயணங்களை ஒரே பயணமாகச் சுருக்கி, தோழிகளைக் கற்பனைப் பாத்திரங்களாக்கி எழுதியிருக்கிறார். இதில் பக்கத்துப் படகு இருக்கிறது. எப்படி இருக்கிறது என்றால், வெட்கமாக. படகுக்காரக் குடும்பம் கண்ணிமைக்கும் நேரத்தில் லாக்கைத் தாண்டிப் போகிறது. இவர்கள் திணறுகிறார்கள். அவர்கள் பித்தளை மின்னுகிறது, இவர்கள் கேபின் குப்பைமேடு. பெரிய படிப்புப் படித்தவள், எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பெண்ணின் முன்னால் கைகட்டி நிற்கிற அனுபவம். ரோல்ட்டுக்கு இது நேரவில்லை, ஏனென்றால் அவருக்குச் சரக்கு ஏற்ற வேண்டிய அவசரம் இல்லை. ஒருவருடைய திறமை என்னவென்று தெரிய, அதே வேலையை அவர் பக்கத்தில் நின்று மோசமாகச் செய்து பார்க்க வேண்டும் போல.

இங்கே ஒரு விஷயம். ஓடிக்கொண்டே இருக்கிற படகில் சிநேகம் எப்படி முடியும் என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. எதிரெதிரே வரும் இரண்டு படகுகள் ஒன்றையொன்று கடக்கப் பத்துப் பதினைந்து செகண்ட். அதற்குள் 'மேலே லாக் காலியா', 'அம்மாவுக்கு எப்படி இருக்கு', 'உன் அண்ணனைப் பார்த்தேன், கோதுமை ஏத்தறான்.' மிச்சம் அடுத்த தடவை பார்க்கும்போது, அது மூன்று வாரம் கழித்தும் இருக்கலாம். தொடர்கதை மாதிரி தவணை முறையில் உறவு. சாவகாசமாகப் பேச, கவன்ட்ரி அருகே ஹாக்ஸ்பரி ஜங்ஷன் போன்ற இடங்கள். நிலக்கரி ஆர்டர் வரும்வரை அங்கே படகுகள் வரிசையாகக் காத்துக்கிடக்கும். பக்கத்திலேயே க்ரேஹவுண்ட் என்ற பப். கல்யாணப் பேச்சும் வம்புப் பேச்சும் அங்கே நடக்கும். உடம்பு சரியில்லை என்றால் ஸ்டோக் ப்ரூயெர்ன் கிராமத்தில் சிஸ்டர் மேரி வார்ட் என்ற நர்ஸ், கால்வாய்க் கரையிலேயே மருந்து கட்டுவார். எழுதப்படிக்கத் தெரியாத ஜனங்கள், செய்தியை வாயிலேயே நூறு மைல் கொண்டுபோனார்கள்.

எழுதத் தெரியாதவர்கள் என்பதால்தான் அவர்களைப்பற்றி மற்றவர்கள் எழுதியதை நாம் படித்துக்கொண்டிருக்கிறோம். இதற்கு ஒரு விதிவிலக்கு மாதிரி ஒரு புத்தகம், 1993-ல் ஷீலா ஸ்டூவர்ட் கொண்டுவந்த 'ராம்லின் ரோஸ்'. ஆக்ஸ்ஃபர்டு கால்வாயில் குதிரைப் படகில் வாழ்ந்த கிழவிகள் பலரைத் தேடிப் பிடித்து, பேசவைத்து, அத்தனை பேர் சொன்னதையும் ரோஸ் என்கிற ஒரே பெண்ணின் குரலில் கோத்திருக்கிறார். கொச்சை மாறாத பேச்சு. முதல் இருபது பக்கம் எனக்குப் பல் உடைந்தது. பிறகு பழகிவிட்டது. இந்த முறையில் ஒரு சிக்கல் இருக்கிறது. பல பேரை ஒருத்தியாக்கும்போது அவர்களுக்குள் இருந்த சண்டை சச்சரவு, கருத்து வேறுபாடு எல்லாம் கரைந்துபோகிறது. பக்கத்துப் படகுக்காரியும் ரோஸ்தான், இவளும் ரோஸ்தான் என்றால் யார் யாரிடம் வம்பு பேசுவது? ஆனாலும் ரோல்ட்டின் படகைப் பார்த்துக் கையசைத்துவிட்டுப் போன பெண்களின் பக்கம் என்ன இருந்தது என்று தெரிய, இதைவிட்டால் நமக்கு அதிகம் இல்லை.

(நம்மூரில் மட்டும் என்ன வாழ்கிறது. பக்கிங்ஹாம் கால்வாயும் அதே வெள்ளைக்காரர் காலத்து வேலைதான். 1876-78 பஞ்சத்தின்போது ஜனங்களுக்குக் கூலி கொடுத்து வெட்டிய பகுதிகள் உண்டு. 1934-ல் பாரதிதாசன் நண்பர்களோடு அதில் மாமல்லபுரத்துக்குப் படகில் போய், அந்த யாத்திரையைப் பாட்டாகவே எழுதினார். அவர் பாடியதால் அந்தப் படகு நமக்குக் கிடைத்தது. படகை இழுத்தவர் சொன்ன கதை என்று என் கண்ணில் ஒன்றும் படவில்லை. உங்களிடம் இருந்தால் எழுதுங்கள்.)

கடைசியாக, எனக்கு ரொம்பப் பிடித்தது. பெனலபி ஃபிட்ஸ்ஜெரால்டின் 'ஆஃப்ஷோர்', 1979. நியாயமாகப் பார்த்தால் இது கால்வாய் நாவலே இல்லை. லண்டன் தேம்ஸ் நதியில், பாட்டர்ஸி பக்கம், அலை ஏறி இறங்கும் இடத்தில் கட்டிக்கிடக்கும் பழைய பார்ஜுகள். காலம் 1960-களின் துவக்கம். கால்வாய்க்காரர்கள் தங்களைப் 'பார்ஜ்' ஆள் என்றால் கோபிப்பார்கள், அதனால் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் தண்ணீரில் பக்கத்து வீடு என்றால் என்ன என்பதை இவ்வளவு துல்லியமாக எழுதிய புத்தகம் வேறு எனக்குத் தெரியாது.

ஃபிட்ஸ்ஜெரால்டு அப்படி ஒரு படகில் குழந்தைகளோடு வாழ்ந்தவர். பணம் இல்லாததால் வாழ்ந்தவர். அந்தப் படகு மூழ்கியது, சாமான்களும் காகிதங்களும் தண்ணீரோடு போயின. முதல் புத்தகம் வெளியானபோது அவருக்கு 58 வயசு. 'ஆஃப்ஷோர்' அந்த வருஷம் புக்கர் பரிசு வாங்கியது. நைபால் இருந்த பட்டியலில் இந்த ஒல்லிப் புத்தகம் ஜெயித்ததில் பலருக்கு அதிர்ச்சி.

கதையில் ரிச்சர்ட் என்று ஒரு முன்னாள் கடற்படைக்காரர் இருக்கிறார். 'லார்ட் ஜிம்' என்ற பெரிய படகுக்குச் சொந்தக்காரர். படகுவாசிகள் கூட்டத்தில் அவர் எல்லோரையும் படகின் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். மாரிஸ் என்ற இளைஞனின் படகுக்கு வாயில் நுழையாத நீளத்தில் ஒரு டச்சுப் பெயர். வாழ்நாளெல்லாம் அந்தப் பெயரில் கூப்பிடப்படப் போகிறோம் என்று புரிந்ததும், அவன் படகின் பெயரை 'மாரிஸ்' என்று மாற்றிவிடுகிறான். படித்தபோது சத்தமாகச் சிரித்தேன். காம்டன் அம்மாள் ஞாபகம் வந்தது.

வில்லிஸ் என்ற வயசான ஓவியர் தன் படகை விற்கப் பார்க்கிறார். அது ஓட்டை. வாங்க வருகிறவர்களைத் தண்ணீர் இறங்கியிருக்கும் நேரத்தில் மட்டும் வரச்சொல்லுங்கள், ஓட்டையைப் பற்றி மூச்சுவிடாதீர்கள் என்று அக்கம்பக்கத்தைக் கேட்டுக்கொள்கிறார். இது மோசடிதானே? ஆமாம். நேர்மையான ரிச்சர்ட் நெளிகிறார். மற்றவர்கள், பாவம் கிழவர், என்கிறார்கள். கூட்டமே ஒரு சின்னக் குற்றத்துக்கு உடந்தையாகிறது. விற்பதற்கு முன்பே படகு மூழ்குகிறது. கிழவருக்குப் பக்கத்துப் படகுக்காரர் இடம் கொடுக்கிறார், பெரிய வசனம் எதுவும் பேசாமல். மாரிஸ் தன் படகில் ஒரு ரவுடி திருட்டுச் சாமான் வைக்க இடம் கொடுக்கிறான். அந்த ரவுடியிடம் மண்டையில் அடி வாங்குவது ரிச்சர்ட். யார் செய்ததற்கோ யாரோ பாடுபடுகிறார்கள், ஏனென்றால் படகுகள் ஒன்றோடொன்று கட்டப்பட்டிருக்கின்றன. உங்கள் படகுக்குப் போக அடுத்தவர் தளத்தைத் தாண்டித்தான் போக வேண்டும்.

நென்னா என்ற பெண்தான் கதாநாயகி என்று பின்னட்டை சொல்லும். கணவன் பிரிந்திருக்கிறான், இரண்டு மகள்கள். சின்னவள் டில்டாவுக்கு ஆறு வயசு, நதியின் ஏற்ற வற்றம் அத்துபடி. இரண்டு பேரும் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டுச் சேற்றில் பழைய பூவோடுகளைத் தோண்டி எடுத்துக் கடையில் விற்கிறார்கள். கரையில் வாழும் கணவனுக்குப் படகு ஒத்துவராது. மனைவிக்குக் கரை ஒத்துவராது. அவ்வளவுதான் பிரச்னை, தீரவே தீராத பிரச்னை.

குறை இல்லாமல் இல்லை. ஆஸ்திரியாவிலிருந்து ஒரு பணக்காரப் பையன் விருந்தாளியாக வருகிறான். அந்தப் பகுதி எதற்கென்று எனக்கு இரண்டாம் முறை படித்தபோதும் புரியவில்லை. முடிவும் சிலருக்கு எரிச்சல் தரும். புயலில் ஒரு படகு கட்டறுத்துக்கொண்டு போகிறது, புத்தகமும் அங்கேயே நின்றுவிடுகிறது. எனக்குச் சம்மதம். அவர்கள் வாழ்க்கையில் வேறு எது முடிந்தது, இது முடிய?

டி.வி.யையும் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். டிமதி வெஸ்ட், ப்ரூனெல்லா ஸ்கேல்ஸ் என்ற நடிகத் தம்பதி 2014 முதல் சில வருஷம் சேனல் 4-ல் கால்வாய்ப் பயணத் தொடர் நடத்தினார்கள். மனைவிக்கு ஞாபகம் மெல்ல மெல்ல மறைந்துகொண்டிருந்தது, அதை மறைக்கவில்லை. அவர் 2024-லும் அந்த அம்மாள் 2025-லும் காலமாகிவிட்டார்கள். அது ஒரு கல்யாணத்தைப் பற்றிய அபாரமான நிகழ்ச்சி. படகு வாழ்க்கையைப் பற்றி அல்ல. பக்கத்துப் படகுகள் அதில் கையசைக்கின்றன, அவ்வளவே.

ஜனவரி மாதத்தில் கையசைக்க வெளியே யாரும் இருக்கமாட்டார்கள். கரைப்பாதை முழுக்கச் சேறு. கரி மூட்டை தீர்ந்தால் கரிப்படகு வரும்வரை பக்கத்துப் படகில் ஒரு வாளி கடன். தண்ணீர்க் குழாய் உறைந்திருக்கும். படகுக்காரர்கள் இரண்டு பேர் சந்தித்தால் வானிலை பேசுவதில்லை, டாய்லெட் பேசுகிறார்கள். கேசட் வகையா, தொட்டியில் சேர்த்து உறிஞ்சி எடுக்கிற வகையா, மக்கவைக்கிற வகையா என்பதில் சைவ வைணவத் தகராறு ரேஞ்சுக்குக் கட்சி உண்டு. இதை எழுதிய பெரிய எழுத்தாளர் இன்னும் வரவில்லை.

அடுத்து, சட்டம். 1995-ல் வந்த சட்டப்படி, நிரந்தரமாகக் கட்டிவைக்க இடம் வாங்காத படகு, ஓர் இடத்தில் 14 நாளுக்கு மேல் நிற்கக் கூடாது, தக்க காரணம் இருந்தால் தவிர. உண்மையாகவே பயணம் செய்துகொண்டிருக்க வேண்டும். உல்லாசப் பயணிக்கு இது ஒரு பொருட்டில்லை. வாடகை கட்ட முடியாமல் படகுக்கு வந்து, குழந்தையை ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிற தாய்க்கு? கிழவர் ஒருவருக்கு வாரம் ஒரு தடவை அதே ஆஸ்பத்திரி என்றால்? 2024 ஏப்ரலிலிருந்து இப்படி நிரந்தர இடம் இல்லாத படகுகளுக்கு லைசென்ஸில் கூடுதல் கட்டணமும் சேர்ந்திருக்கிறது. கால்வாய்களை நிர்வகிக்கும் அறக்கட்டளைக்குச் சுமார் 2,000 மைலைப் பராமரிக்கப் பணம் வேண்டும், அதுவும் நியாயம்தான். படகுவாசிகளின் சங்கம் எதிர்த்தது. ரோல்ட்டும் ஐக்மனும் போட்ட சண்டைதான், ஆட்கள் மாறியிருக்கிறார்கள். கால்வாய் பார்க்கிறவனுக்கா, இருக்கிறவனுக்கா?

எனக்கு டீ கொடுத்த அம்மாளைத் தேடி ஊர் திரும்புவதற்கு முன்னால் இன்னொரு தடவை போனேன். அந்த இடத்தில் வேறு படகு. 'அது போன வாரமே கிழக்கே போயிடுச்சு' என்றார் அதிலிருந்தவர். படகின் பெயரைத்தான் சொன்னார்.

நீங்கள் படிப்பதென்றால், 'ஆஃப்ஷோர்' முதலில். 150 பக்கத்துக்குள்தான், ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். அடுத்து எம்மா ஸ்மித். ரோல்ட்டைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய படகை எதிரே வரும் சரக்குப் படகு தாண்டிப் போகும் பக்கங்கள் வரும்போது கொஞ்சம் மெதுவாகப் படியுங்கள். சுக்கானைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பெண் ரோல்ட்டைப் பற்றித் தன் புருஷனிடம் என்ன சொல்லியிருப்பாள் என்று.